ஐந்தாவது விடை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேலாண்மைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு எனக்காகவே தயாரிக்கப்பட்டது என்று நான் நம்பினேன். நாற்பத்தேழு வயதில், தலையில் பாதி முடியும் சட்டைப் பையில் ரத்த அழுத்த மாத்திரையுமாக, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு போட்டி போட்டு ஜெயிப்பேன் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. பாவம் அந்தப் பிள்ளைகள் என்று பரிதாபமும் பட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. கேள்வி ஒன்று இருக்கும், அதன் கீழே இரண்டு தகவல்கள் இருக்கும். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்க அந்தத் தகவல்கள் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் தகவலே போதும், இரண்டாவதே போதும், இரண்டும் சேர்ந்தால் போதும், எது ஒன்றானாலும் போதும் என்று நான்கு விடைகள். ஐந்தாவது விடை: இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

அந்த ஐந்தாவது விடையைப் படித்ததும் எனக்குப் பிறந்த வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. ராமச்சந்திராபுரம் தாண்டி ஒரு பெரிய ஆலையில், தர ஆய்வுப் பிரிவில், இருபத்து மூன்று வருடங்களாக உத்தியோகம் பார்க்கிறேன். என் மேஜைக்கு வருகிற காகிதங்களில் 'விவரம் போதாது' என்று எழுதி, கீழே சுருக்கக் கையெழுத்துப் போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் நான் செய்து வந்த வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு இத்தனை வருடம் பயிற்சி எடுத்தவன் இந்தத் தேர்வில் வேறு யார் இருக்க முடியும்?

சரி, இந்த வயதில் எதற்குத் தேர்வு என்று கேட்பீர்கள். பயம்தான்.

எங்கள் கம்பெனி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை ஆறேகாலுக்குச் செகந்திராபாத் பக்கத்தில் ஏறினால் பாலாநகர், கூகட்பல்லி, மியாபூர் என்று ஊர்ந்து ஏழே முக்காலுக்கு ஆலைக்குப் போய்ச் சேரும். யார் எந்த இருக்கை என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் மாற்றி உட்கார்ந்தால் தெரியும் சேதி. சன்னல் ஓரம், வேலையில் முதலில் சேர்ந்தவருக்கு. என் பக்கத்து இருக்கைக்காரர் என்னைவிட நான்கு மாதம் முன்னால் சேர்ந்தவர். ஆகவே பன்னிரண்டு வருடமாகக் காற்று அவருக்கு, நடைபாதையில் போகிறவர்களின் சாப்பாட்டுப் பை இடிப்பது எனக்கு. ஈரோட்டுப் பக்கத்துக்காரர், ஸ்டோர்ஸில் வேலை. அவர் மனைவி கரூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. ஒன்பது வருடமாக இவர் இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை வைத்து நான் தினமும் ஒரு ஜோக்காவது அடிப்பேன். "என்ன சார், இன்னிக்கும் தயிர்சாதம்தானா? ஊறுகாய மாத்தினா மெனு மாறிடுச்சுன்னு அர்த்தமா?" அவரும் சிரிப்பார். பன்னிரண்டு வருடம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் எதற்குச் சிரிக்கிறார் என்று யாரும் ஆராய்வதில்லை.

சங்கராந்தி முடிந்த வாரம் அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாத்தல் லிஸ்ட் தயாராகுதுங். இந்தத் தடவ பெருசா வருமுங்."

பின்வரிசையில் சீட்டு ஆடும் கோஷ்டி ஒன்று உண்டு. பஸ் கிளம்பும் முன்பே மடியில் துண்டு விரித்துவிடுவார்கள். அவர்களுக்கு எங்கள் தமிழ் புரியும், ஆனால் புரியாது என்று சொல்லிக்கொள்வார்கள். அங்கிருந்து பாதி உருதுவும் பாதித் தமிழுமாக, எதற்குக் கவலை என்று ஒரு குரல் வந்தது. "கைக்கு பரேஷான், சாப்? மேனேஜ்மென்ட் கோர்ஸ்ல சேந்தவங்கள ரெண்டு வருஷம் தொட மாட்டாங்க. ஆர்டர் இருக்கு."

"எங்க இருக்கு?" என்றேன்.

"ஹவ் சாப், ஆமா, இருக்கு."

முடிந்தது. அன்று ஆலை வாசலில் இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். என் பிரிவிலேயே ஒரே இடத்தில் அதிக வருடம் உட்கார்ந்திருப்பவன் நான். மாற்றினால் வடக்கே, பெயரைச் சொன்னாலே குளிரெடுக்கும் ஊரில் இருக்கும் ஆலைக்குத்தான் மாற்றுவார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு பள்ளியில் பதினெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து, வருகிற ஜூன் முதல் தலைமையாசிரியை என்று அந்த மாதம்தான் கடிதம் வாங்கியிருந்தாள்.

"மாத்தினா நீங்க போங்க. நான் வரல" என்றாள். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. யோசிக்கிற மாதிரி நடித்திருக்கலாம்.

"தனியா எப்படிம்மா?"

"சாம்பார்ப் பொடி அரைச்சுக் கட்டித் தரேன். குக்கர் பெரிசு எனக்கு வேணும், சின்னத எடுத்துக்கோங்க."

குக்கர் பங்கீடு வரைக்கும் போய்விட்டாள். இருபது வருடத்தில் நான் அடுப்பங்கரையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், பால் பொங்கிவிட்டது என்று கூவி அவளுக்குத் தெரிவிப்பது. பஸ்ஸில் பக்கத்திலிருந்த டிபன் பாக்ஸ் கண் முன்னால் வந்தது. தயிர்சாதம், ஊறுகாய், ஞாயிற்றுக்கிழமை, நான், ஒரு சின்னக் குக்கர். மறுநாள் காலை தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். ஊரில் ஒரு மேலாண்மைப் பள்ளி, வேலையில் இருப்பவர்களுக்காக வாரக் கடைசியில் வகுப்பு நடத்துகிறது. நுழைவுத் தேர்வில் தேறினால் இடம். இடம் கிடைத்தால் இரண்டு வருடம் யாரும் என்னைத் தொட முடியாது. அதற்குள் மகள் இன்டர்மீடியட் முடித்துவிடுவாள், மனைவி நாற்காலியில் பழகிவிடுவாள், ஆலை என்னை மறந்துவிடும். மூன்றாவதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை இருந்தது.

மாற்றல் லிஸ்ட் பற்றிப் பணியாளர் பிரிவில் நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வெளியாட்களுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் ஆலையில் மாற்றலைப் பற்றி யாரும் பணியாளர் பிரிவில் கேட்பதில்லை. கேட்டால், இப்படி ஒருவர் இருக்கிறார் என்று அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். இது ஆலை தொடங்கிய காலத்திலிருந்து வரும் ஞானம். அந்தக் கட்டிடத்தைத் தாண்டும்போது நாங்கள் கொஞ்சம் வேகமாக நடப்போம். மாற்றல் கேட்டு மனுப் போடுகிறவர்கள்கூட வாயைத் திறக்க மாட்டார்கள். உத்தரவு கைக்கு வரும் முன் வெளியே தெரிந்தால் யாராவது கெடுத்துவிடுவார்களாம்.

முதல் மாதிரித் தேர்வை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் எழுதினேன். போதுமா போதாதா வகையில் இருபது கேள்விகள். பேனா பறந்தது. முடித்துவிட்டு மகளிடம் திருத்தக் கொடுத்தேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கையும் ஆங்கிலத்தையும் கலந்து பதில் சொல்வாள், திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

"ஏன்ட்டப்பா இதி, என்ன இது? இருபதுல பதினாறுக்கு ஐந்தாவது ஆப்ஷன் போட்டிருக்க?"

"போதாதுன்னா போதாதுதானே?"

"மொத்தத்துல நாலு கேள்விதான் ரைட்டு."

அவள் ஒரு கேள்வியை உரக்கப் படித்தாள். ஒரு தந்தையின் வயது என்ன? தகவல் ஒன்று: அவர் வயது மகள் வயதைப் போல் மூன்று மடங்கு. தகவல் இரண்டு: ஐந்து வருடங்களுக்கு முன் அது நான்கு மடங்கு. "ரெண்டும் சேந்தா வந்துடும். நாற்பத்தஞ்சு, பதினஞ்சு. இதுல உனக்கு என்ன போதல?"

"பிறப்புச் சான்றிதழ் இணைக்கலையே."

"அப்பா!"

"எந்தத் தேதியில கணக்கிட்ட வயசுன்னு போடல. மூணு மடங்குன்னு யார் சொன்னது? அத்தாட்சி வேண்டாமா?"

சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இருபது வருடத்தில் என் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் ஜோக் அடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சிரித்தாள்.

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உனக்கு ஆன்சர் வேண்டாம்ப்பா. இன்னொரு லெட்டர் வேணும்."

பதினாறு வயதில் பேசுகிற பேச்சா இது? ஆனால் அன்று முதல் அவள்தான் எனக்கு வாத்தியார். அவள் கண்டுபிடித்த வைத்தியம் எளிமையானது. நான் ஐந்தாவது விடைப் பக்கம் பேனாவைக் கொண்டுபோகும்போதெல்லாம் மேஜையில் தட்டி, "சாலு!" என்று கத்துவாள். தெலுங்கில் போதும் என்று அர்த்தம். பந்தியில் இலைக்கு மேலே கையை விரித்துச் சொல்வார்களே, அந்தச் சாலு. முதல் வாரத்தில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் எனக்கே கனவில் கேட்க ஆரம்பித்தது.

பஸ்ஸில் பயிற்சியைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துக்கொண்டார். நான் கேள்வியைப் படிப்பேன், அவர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். "ரெண்டு நிமிசமாச்சுங். விட்டுப்போட்டு அடுத்ததுக்குப் போங்க." பின்வரிசையில் என் மேல் பந்தயமே நடந்தது. கூகட்பல்லி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சாப், பாஸா ஃபெயிலா?" என்று ஆரம்பிப்பார். "நக்கோ, நக்கோ, படிக்கற மனுஷன டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று இன்னொருவர் அடக்குவார். அடக்குகிறவர்தான் அதிகச் சத்தம்.

ஒரு நாள் மியாபூர் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏனுங், ஒரு காயிதத்துல என்ன இருந்தா உங்களுக்குப் போதும்?"

நான் உற்சாகமாகிவிட்டேன். தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, தேவையான தகவல், உபரியான தகவல், ஆசாமி ஏமாறுவதற்காகவே வைக்கப்பட்ட தகவல் என்று பிரித்து, ஆலை வாசல் வரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படீங்களா" என்றார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் ஆபீஸ் காகிதத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு பழக்கம் உண்டு. அதைக் காப்பாற்றுவதில் நான் ரொம்பக் கறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒருத்தர் நடைபாதையில் நின்றுகொண்டு, "சார், என் காகிதம் உங்க கிட்ட இருக்கு" என்று ஆரம்பித்ததும், "ஆபீஸுக்கு வாங்க, இது பஸ்" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அப்போதும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகள் ஒரு தாளில் கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள்.

"இதுக்குப் போடு. ஒரு தந்தைக்கு டிரான்ஸ்ஃபர் வருமா? ஒன்று: ஒரு லிஸ்ட் தயாராகிறது. இரண்டு: கோர்ஸில் சேர்ந்தவர்களைத் தொட மாட்டார்கள்."

"ரெண்டும் சேந்தா போதும்" என்றேன். வேகமாகச் சொன்னேன். பயிற்சி பலித்துவிட்டது என்று பெருமையாகவும் இருந்தது.

"லிஸ்ட்ல யார் யாரைப் போடறாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"ரெண்டாவது எங்க எழுதியிருக்கு?"

"பஸ்ஸில சொன்னாங்க."

மகள் என்னைப் பார்த்தாள். மனைவி, தலைமையாசிரியை ஆவதற்கு முன்பே அந்தப் பார்வையைப் பழகியிருந்தவள், அவளும் பார்த்தாள். "ஊர்ல இருக்கறவன் பேப்பரை எல்லாம் போதாதுன்னு திருப்பறீங்க. உங்க விஷயத்துல மட்டும் சீட்டாடறவன் சொன்னது போதுமா? போய்க் கேட்டா என்ன?"

"கேட்டா ஞாபகம் வந்துடும்."

"யாருக்கு?"

மகளின் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் தயாரானதில், ஐந்தாவது விடையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்க வேண்டிய கேள்வி அந்தத் தாளில் இருந்ததுதான். அதில் தவறு செய்துவிட்டேன். செய்தேன் என்று தெரிந்தும் பணியாளர் பிரிவுப் பக்கம் போகவில்லை. பயத்தையும் பல வருடம் வளர்த்தால் அது சீனியர் ஆகிவிடுகிறது. சன்னலோரம் அதற்குத்தான்.

ஆனால் மறுநாள் ஆபீஸில் ஒரு காரியம் செய்தேன். என் மேஜையின் இடது பக்கத்தில் ஒரு அடுக்கு உண்டு. ஆலையை விட்டுப் போக விரும்புகிறவர்கள், மாற்றல் கேட்கிறவர்கள், எல்லாருக்கும் ஒவ்வொரு பிரிவும் 'நிலுவை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பிரிவில் இரவல் வாங்கிய அளவுக் கருவி எதுவும் அவர்களிடம் பாக்கி இல்லை என்று நாங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படிவத்தில் பெயர் இருக்காது, ஊழியர் எண் மட்டும். அந்த அடுக்கில் பலவற்றை நான் ஏற்கெனவே திருப்பி அனுப்பி, அவை திரும்பி வந்திருந்தன. எந்தக் கருவி, எப்போது வாங்கியது, எப்போது திருப்பியது, விவரம் போதாது. வாழ்நாளில் ஒரு கருவியையும் வாங்காதவர் எந்த விவரத்தை எழுதுவார் என்று நான் யோசித்ததே இல்லை.

பயிற்சியாக இருக்கட்டும் என்று அன்று அந்த அடுக்கை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டேன். பதிவேட்டில் அந்த எண் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் பாக்கி இல்லை. சாலு. கையெழுத்து. அடுத்தது. சாலு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அடுக்கு காலி. எனக்கு உதவியாளராக இருக்கும் அம்மா, காலி மேஜையைப் பார்த்துவிட்டு, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

தேர்வு உகாதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஜீடிமெட்லா பக்கம் ஒரு கட்டிடத்தில். சட்டைப் பையிலிருந்த மாத்திரையை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். கண்ணாடிக்கூட்டை வெளியே வைக்கச் சொன்னார்கள். இதற்கு எழுத்துபூர்வமான உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். பின்னால் நின்ற வரிசை முழுவதும் பெருமூச்சு விட்டது. உள்ளே, படித்துப் பதில் சொல்லும் பகுதியில் ஒரு கட்டுரையின் இரண்டாவது பத்தி நாலாவது பத்தியோடு முரண்படுவதைக் கண்டுபிடித்தேன். அதை யாரிடம் தெரிவிப்பது என்று யோசித்ததில் பல நிமிடங்கள் போயின. என் சொந்தத் தொகுதி வந்தது. போதுமா, போதாதா. காதில் மகளின் குரல். எல்லாம் போதும் எனக்கு அன்று. ஒன்று போதும், இரண்டு போதும், சேர்ந்தால் போதும். தானமாகக் கொடுத்தேன். ஐந்தாவது விடையை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

வெளியே வந்து அதை மகளிடம் சொன்னேன்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"சில கேள்விக்கு அதுதான்ப்பா ஆன்சரா இருக்கும்" என்றாள், மிகவும் மெதுவாக.

மாற்றல் லிஸ்ட் பத்து நாள் கழித்து ஆலை வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிய எல்லோரும் அங்கே போனார்கள். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டுப் போனேன். தலைப்பைப் படித்தேன். 'சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றல்.' விண்ணப்பித்தவர்கள் மட்டும். பதினொரு பேர். வேறு லிஸ்ட் எதுவும் இல்லை. இருக்கப்போவதும் இல்லை என்று அங்கே நின்றிருந்த பணியாளர் பிரிவு எழுத்தர் சொன்னார். நான் கேட்டதற்குத்தான் சொன்னார். என் பெயரைக்கூட விசாரிக்கவில்லை. கோர்ஸ், சலுகை, இரண்டு வருடம், எதைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டதில்லை.

நாலாவது பெயர் என் பக்கத்து இருக்கைக்காரருடையது. தெற்கே உள்ள எங்கள் ஆலைக்கு.

சாயங்காலம் பஸ்ஸில் கேட்டேன். "சொல்லவே இல்லையே சார்?"

"கைக்கு வர்றதுக்கு முன்னால எப்படிங் சொல்றது?" என்றார். "மனுப் போட்டு மூணு வருசமாச்சுங். உங்க செக்சன்லருந்து ரெண்டு தடவ திரும்பி வந்துச்சு. இந்த வாட்டி என்னமோ ஒரே நாள்ல கையெழுத்தாயி வந்துருச்சுங்."

"அது நான்னு தெரியுமா உங்களுக்கு?"

"உங்க கையெழுத்துத் தெரியாதுங்களா?"

"கேட்டிருக்கலாமே சார்."

"பஸ்ஸாச்சேங்" என்றார்.

கூகட்பல்லி சிக்னலில் நின்றபோது அவர் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சமிருந்த வேர்க்கடலையை எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். ஜோக் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் அந்த மாதக் கடைசியில் போனார். அவருடைய குக்கரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், அது எங்கள் வீட்டில் இருக்கிறது. மனைவி ஜூனில் தலைமையாசிரியை ஆனாள். நுழைவுத் தேர்வின் முடிவு மே மாதம் வந்தது. நான் தேறவில்லை. மாற்றலும் எனக்கு வரவில்லை. சன்னலோரம் இப்போது நான் உட்காருகிறேன்.